மணலி எண்ணெயும் எண்ணூர்க் கழியும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று கூறுவர். ஆண்டில் சில நாட்களே ஆறுகள் ஓடும் அந்நிலத்தில், பெய்த மழையை வீணாக்காமல் தேக்கி வைத்து உழவு செய்யும் பொருட்டு முன்னோர் ஊர்தோறும் ஏரி கண்டனர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரியைச் சேரும். கடைசி ஏரி ஆற்றைச் சேரும். ஆறு கடலைச் சேரும். மேலூர்க்காரன் நீரில் எதைக் கலந்தாலும் அது கீழூர்க்காரன் வயலுக்கு வந்தே தீரும் என்பது இந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கும் உண்மை.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடம் நோக்கிச் செல்லும்போது வருவது சேரப்பணஞ்சேரி. இதுவும் அத்தகைய ஏரி நிலத்தில் அமைந்த சிற்றூரே. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் இன்னொரு பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. அதன்பின் கனரக வாகன ஆலைகளும், உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகளும் அடுத்தடுத்து எழுந்தன. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள நிலம் இன்று நாட்டின் பெரிய மோட்டார்த் தொழில் வட்டாரங்களுள் ஒன்று. நெல் விளைந்த வயல்களை அடுத்து இப்போது எரிபொருள் தொட்டிகளும், இயந்திர எண்ணெய்ப் பீப்பாய்களும், கழிவு எண்ணெய் ஏற்றும் லாரிகளும் காணப்படுகின்றன.

இப்புதிய தொழில் நிலத்துக்கு மூத்த சகோதரன் போன்ற ஒரு தொழில் நிலம் அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கிறது. அதுவே மணலி. அங்கு எண்ணெய் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த அரை நூற்றாண்டில் நீருக்கும் நிலத்துக்கும் மனிதருக்கும் நேர்ந்தது யாது, காக்க வேண்டிய அரசு செய்தது யாது என்பதை அறிந்துகொள்வது ஒரகடத்தாருக்கும் நமக்கும் பயன் தரும். அதன் பொருட்டே இக்கட்டுரை.

சீமை எண்ணெய் வந்த கதை

நம் பாட்டனார் காலத்தில் விளக்கெரித்தது ஆமணக்கெண்ணெயும் புன்னை எண்ணெயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்தது. சீமை எண்ணெய் என்றும் கிருஷ்ணாயில் என்றும் மக்கள் அதனை அழைத்தனர். 1886இல் தோன்றிய பர்மா ஆயில் நிறுவனம், ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள ஏனாஞ்சாங் முதலிய இடங்களில் எடுத்த எண்ணெயை ரங்கூனுக்கு அருகில் சுத்திகரித்து இந்தியத் துறைமுகங்களுக்கு அனுப்பியது. ரங்கூனில் கடை வைத்திருந்த நம்மவர் பலரும் அந்த எண்ணெய்ப் பெருக்கத்தைக் கண்ணால் கண்டவர்களே.

சென்னைத் துறைமுகத்தை அடுத்து அந்நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் நின்றன. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று அத்தொட்டிகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. நகரமே நடுங்கியது, மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனைக் குறிக்க 'எம்டன்' என்ற சொல் தமிழில் இன்றும் வழங்குகிறது.

பகைவன் ஓர் இரவில் செய்த தீங்கை இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கும் நாம், அமைதிக் காலத்தில் நம்மவரே நாள்தோறும் செய்துவரும் தீங்கை ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறோம். எண்ணெயின் வரலாற்றில் இஃது ஒரு வியப்பு.

மணலியில் சுத்திகரிப்பு நிலையம்

சுதந்திர இந்தியா தன் எண்ணெயைத் தானே சுத்திகரித்துக்கொள்ள விரும்பியது. 1965 டிசம்பரில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்னும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதில் இந்திய அரசுக்கு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனத்துக்கு 13 விழுக்காடும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 விழுக்காடும் பங்கு இருந்தன. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றலுடன் 1969இல் மணலி நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் அவ்வாற்றல் ஒரு கோடி டன்னுக்கும் மேலாக உயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என மாறியது; பொதுத்துறையைச் சேர்ந்த இந்தியன் ஆயில் நிறுவனம் பாதிக்கு மேற்பட்ட பங்குகளுக்கு உரிமை பெற்றது. எனவே தொடக்கம் முதல் இன்றுவரை இஃது அரசின் கைக்குள் உள்ள நிறுவனமே. இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்; ஏனெனில் இக்கட்டுரையின் மையமே இதுதான்.

சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றி உர ஆலையும், இரசாயன ஆலைகளும் எழுந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் வந்தன. இவற்றால் ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். தென்னாட்டின் வாகனங்களும் விமானங்களும் ஓடின. சமையல் எரிவாயு வீடுதோறும் வந்து பெண்களைப் புகையிலிருந்து விடுவித்தது. இந்நன்மைகளை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயின் நன்மையைப் பெற்றவர்கள் தமிழகமெங்கும் பரவியிருக்க, அதன் தீமையைத் தாங்கியவர்கள் சில கல் தொலைவுக்குள் வாழும் மீனவரும் கூலித் தொழிலாளருமே என்பதையும் மறுக்க இயலாது.

தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனைத் தமிழகத்தில் செயற்படுத்த வேண்டிய வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி 27ஆம் நாள். அஃதாவது, மணலியில் எண்ணெய் காய்ச்சத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே கழிவுநீரைக் கண்காணிக்க ஒரு வாரியம் வந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் கால்வாய்களில் என்னென்ன சென்றன என்பதற்கு முறையான கணக்கு ஏது?

போபால் நச்சுவாயுக் கொடுமை 1984இல் நிகழ்ந்தது. அதன் அதிர்ச்சியில் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் வட்டாரங்களுக்கு மாசு மதிப்பெண் வழங்கியபோது, மணலி 100க்கு 76.32 பெற்றது. 70க்கு மேற்பட்டவை மிக மோசமாக மாசடைந்தவை எனக் கொள்ளப்பட்டன. அத்தகைய வட்டாரங்களில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் 2010 ஜனவரியில் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அத்தடை விலக்கப்பட்டது. நோயைக் கண்டறிந்து எழுதி வைத்தார்கள். மருந்து சீட்டிலேயே தங்கிவிட்டது.

ஒரு கழி, இரு விபத்துகள்

காவேரிப்பாக்கம் பகுதியில் தொடங்கும் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இடமே எண்ணூர்க் கழி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இவ்விடத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் மீனும் குஞ்சு பொரித்து வளர்கின்றன. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் வாழ்வு இக்கழியை நம்பியது. கழுத்தளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிப்போரும் இங்கு உண்டு. மணலி ஆலைகளின் ஓரமாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயும் இந்தக் கழியிலேயே வந்து கலக்கிறது.

2017 ஜனவரி 28ஆம் நாள் விடியுமுன், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எரிவாயுக் கப்பலாகிய பி.டபிள்யூ. மேப்பிள்; மற்றொன்று பெட்ரோலியப் பொருள் ஏற்றிவந்த டான் காஞ்சிபுரம். எண்ணெய் ஏதும் சிந்தவில்லை என்பதே துறைமுகத்தார் முதலில் கூறியது. இரண்டொரு நாளில் எண்ணூர் முதல் மெரினாவுக்கு அப்பாலும் கரை கறுத்தது. பின்னர், சிந்தியது ஏறத்தாழ 196 டன் கனரக எரிபொருள் என்று கணக்கிட்டனர்.

எர்ணாவூர்க் கரையில் மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வரிசையாக நின்று வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை உலகமே கண்டது. கடலில் எண்ணெய் சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. கடலோரக் காவல்படை அதற்குத் தலைமை தாங்குகிறது. இருபது ஆண்டுகள் இருந்த அத்திட்டம் கரையில் நின்றவனுக்கு ஒரு கையுறையைக்கூட உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

வாளி ஏன் வேண்டியிருந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. சிந்திய உடனே எண்ணெய் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அப்போது மிதவைத் தடுப்புகளை இட்டு ஓரிடத்தில் ஒதுக்கி, இயந்திரத்தால் வழித்தெடுத்துவிடலாம். சில மணி நேரம் கடந்தால் அலை அதனைக் கடைந்துவிடும். தயிர் கடைந்தால் வெண்ணெய் திரள்வதுபோல், எண்ணெயும் நீரும் கலந்து கெட்டியான குழம்பாகி, அளவிலும் பன்மடங்கு பெருகும். அக்குழம்பைக் குழாய் உறிஞ்சாது. எனவே எண்ணெய் விபத்தில் முதல் நாளே முக்கியமான நாள். 'ஒன்றும் சிந்தவில்லை' என்று சொல்லிக் கழியும் நாளும் அதே முதல் நாள்தான்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னையில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. மணலியில் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்துடன் எண்ணெயும் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிக்கும் கடலுக்கும் சென்றது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்தது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்கள் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகுகளிலும் எண்ணெய் ஒட்டியது. கடலில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய்ப் படலம் காணப்பட்டதாகக் கடலோரக் காவல்படை தெரிவித்தது.

தன் குழாய் எதிலும் கசிவு இல்லை என்றும், பெருவெள்ளமே காரணம் என்றும் நிறுவனம் கூறியது. குழாய் உடையாமலே எண்ணெய் வெளியேற முடியும் என்பதே இதில் நாம் அறிய வேண்டிய நுட்பம். சுத்திகரிப்பு நிலையத்தில் எண்ணெய்க் கழிவுநீருக்கு ஒரு வடிகாலும், மழைநீருக்கு மற்றொரு வடிகாலும் தனித்தனியே இருக்க வேண்டும். எண்ணெய்க் கழிவுநீர் பிரிப்புத் தொட்டிக்குச் சென்று, எண்ணெய் நீங்கிய பின்னரே வெளியேற வேண்டும். அன்றாடம் சொட்டும் எண்ணெய் மழைநீர் வடிகாலில் தேங்கிக் கிடக்குமானால், பெருமழை வந்ததும் அத்தனையும் மிதந்து மதகைத் தாண்டிப் போய்விடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் சென்று பார்த்தபோது மழைநீர் மேலாண்மையில் குறைபாடுகளையும், எண்ணெய் தேங்கிய இடங்களையும் கண்டனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இவ்வழக்கைத் தானாகவே எடுத்துக்கொண்டது. சென்னைக்கு மழை புதியதன்று. 2015இல் பெருவெள்ளம் கண்ட நகரம் இது. வரும் என்று தெரிந்த வெள்ளத்தைக் காரணமாகக் காட்டுவது, மார்கழியில் பனி பெய்தது என்று வியப்பது போன்றதே.

மீண்டும் வாளிகள் வந்தன. மீனவர் தம் படகிலேயே சென்று, குவளையாலும் கையாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் நிரப்பினர். டிசம்பர் 20ஆம் நாள் வாக்கில் ஏறத்தாழ ஓர் இலட்சத்து ஐயாயிரம் லிட்டர் எண்ணெய் கலந்த நீரும், 393 டன்னுக்கும் மேற்பட்ட எண்ணெய்ச் சேறும் அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மாநில அரசு 8 கோடியே 68 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அந்த மாதமே 26ஆம் நாள் இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி ஓடினர். ஒரே மாதத்தில் ஒரே கரையில் நிகழ்ந்தவை இவை.

12,500 ரூபாய் என்பது ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் உணவு? எண்ணெய் படிந்த நைலான் வலையைக் கழுவ முடியாது. புதிதே வாங்க வேண்டும். எண்ணூர் மீன் என்றால் சந்தையில் வாங்குவோர் முகம் சுளிக்கும் நிலை வந்தபின், பிடித்த மீனும் பணமாகாது. சேற்றுக்குள் புதைந்த எண்ணெயோ காற்றுப் படாததால் எளிதில் அழிவதில்லை. அமெரிக்காவின் அலாஸ்காவில் 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் சிந்திய எண்ணெய், பல்லாண்டுகள் கழித்தும் கரைக் கற்களுக்கடியில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர்.

எண்ணூர் மட்டும் தனித்து நிற்கவில்லை. 2013இல் தண்டையார்பேட்டையில் கிணற்று நீரில் பெட்ரோலிய வாடை வீசியது. பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவு அதற்குக் காரணமாயிற்று. 2023 மார்ச் 2ஆம் நாள், நாம் அனைவரும் நன்கறிந்த நாகூரை அடுத்த பட்டினச்சேரிக் கடற்கரையில், சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. மீனவர்கள் தொழிலை நிறுத்திவிட்டு, அந்தக் குழாயையே அகற்ற வேண்டும் என்று போராடினர்.

பாலாற்றிலிருந்து ஒரு சட்டம்

இங்கு நம் சமுதாயத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை நினைவுகூர்வது தகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் நம்மவர் பெரும்பங்கு வகித்தனர். கல்விக் கூடங்களும் மருத்துவமனைகளும் அத்தொழிலின் செல்வத்தால் எழுந்தன. அதே தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும், அதன் கரையிலுள்ள கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. கெட்ட கிணறுகளில் நம்மவர் கிணறுகளும் இருந்தன.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பீடும் தந்து, கெடுத்த நிலத்தை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும். தீங்கு நேரும் என்று அஞ்ச இடமிருந்தால் அறிவியல் முடிவு வரட்டும் என்று காத்திராமல் தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் கடமை தொழில் நடத்துவோருடையது. இம்மூன்று கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்நீதிமன்றம் அறிவித்தது. தோல் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத சாலைகள் மூடப்பட்டன. பலர் கடன்பட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தனர். சிலர் தொழிலையே விட்டனர். கசப்பான மருந்துதான், ஆயினும் அது நியாயம் என்பதை இன்று மறுப்பார் இல்லை.

பாலாற்று நீர் வாலாஜா அணைக்கட்டின் வழியே காவேரிப்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அதன் உபரி கொசஸ்தலையாறாகி எண்ணூரில் கடலைத் தொடுகிறது. நீர் சென்ற அந்த வழியே சட்டமும் சென்றிருக்க வேண்டாவா? பேரணாம்பட்டில் பத்துத் தோல் ஊறவைத்த சிறு முதலாளிக்குப் பொருந்திய நீதி, மணலியில் கோடி டன் எண்ணெய் காய்ச்சும் அரசு நிறுவனத்துக்கு ஏன் அதே வேகத்தில் பொருந்தவில்லை?

விடை கடினமன்று. தோல் சாலை வழக்கில் மாசு செய்தவர் ஒருவர், கண்காணித்தவர் வேறொருவர். மணலியிலோ நிறுவனம் மத்திய அரசின் பொதுத்துறையைச் சேர்ந்தது. விதிகளை வகுக்கும் அமைச்சகமும் மத்திய அரசுடையது. கண்காணிக்கும் வாரியம் மாநில அரசுடையது. நிவாரணம் அறிவிப்பதும் மாநில அரசே. வேலியும் பயிரும் ஒரே வீட்டுச் சொத்தாகிவிட்டால் மேய்ந்த மாட்டை யார் பட்டியில் அடைப்பது? அரசு தன்மீது தானே வழக்காடத் தயங்குவதே இந்தச் செயலின்மையின் வேர்.

சட்டமும் நாளடைவில் தளர்ந்துவருகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்தது. 2023இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் அச்சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை பணத் தண்டமாக மாற்றியது. ஒரு நாளில் கோடிகளை ஈட்டும் நிறுவனத்துக்கு 15 இலட்சம் என்பது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவே.

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. அதே பாலாற்று வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு நிலுவையில் உள்ள இழப்பீட்டை மாநில அரசு ஆறு வாரங்களுக்குள் முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் மாசு செய்தவரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. காக்கத் தவறிய அரசும் ஈடு செய்யக் கடமைப்பட்டது என்னும் கொள்கை இவ்வாறு சொல்லப்பட்டது. இது வெறும் பாலாற்றுக்கு உரிய சொல்லன்று.

பிற நாடுகளில்

இக்கொள்கை அயல்நாட்டிலும் சோதிக்கப்பட்டதுண்டு. இலங்கையில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வரலாறு நம் மொழி பேசுவோரின் வரலாறே. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே குடிநீர். சுன்னாகத்தில் எண்ணெயை எரித்து மின்சாரம் செய்த நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தலைமுறைகளாக அள்ளிக் குடித்த கிணற்றை விட்டுவிட்டு, லாரியில் வரும் தண்ணீருக்குக் குடத்துடன் நிற்க வேண்டியதாயிற்று. 2015இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 4ஆம் நாள் இலங்கை உச்ச நீதிமன்றம், நீரைக் கெடுத்த மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கடமை தவறிய அரசு அமைப்புகளையும் கண்டித்தது. ஒருவருக்கு அதிகப்படியாகக் கிடைக்கக்கூடியது 40,000 இலங்கை ரூபாயே. தொகை சிறிது, ஆயினும் பொறுப்பு இன்னாருடையது என்பது ஏட்டில் ஏறிவிட்டது.

மற்றொன்று பிரான்சில் நிகழ்ந்தது. 1978 மார்ச் 16ஆம் நாள் பிரித்தானிக் கரையில் அமோக்கோ காடிஸ் என்னும் கப்பல் பாறையில் மோதி, இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட எண்ணெயைக் கொட்டியது. மணலி நிலையத்தின் தொடக்கப் பங்காளியாக நாம் மேலே கண்ட அதே அமோக்கோவின் கப்பல்தான் அது. கரையோரச் சிற்றூர்களின் ஊராட்சிகள் ஒன்று சேர்ந்து, கடல் கடந்து அமெரிக்க நீதிமன்றத்திலேயே வழக்காடின. 1984இல் அந்நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடுகள் முடிந்து 1992இல் ஏறத்தாழ 20 கோடி டாலர் இழப்பீடு உறுதியாயிற்று. பதினான்கு ஆண்டுகள் ஊராட்சிகள் சோர்வடையாமல் நின்றன. ஊராட்சி என்பது விளக்குக் கம்பமும் குடிநீர்க் குழாயும் மட்டும் போடுவதற்கன்று என்பதை அவை காட்டின.

ஒரகடத்தார் கேட்க வேண்டியவை

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். ஒரகடத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இல்லை. ஆயின் இயந்திரம் உள்ள இடமெல்லாம் எண்ணெய் உண்டு. உலோகத்தை வெட்டவும் குளிர்விக்கவும் எண்ணெய் வேண்டும். பழைய எண்ணெயை ஓரிடத்தில் சேமித்து அனுப்ப வேண்டும். படப்பை, ஒரத்தூர், மணிமங்கலப் பகுதி ஏரிகளின் நீர் அடையாற்றைச் சேர்கிறது. அவ்வாற்றில் 2015இல் எத்தகைய வெள்ளம் வந்தது என்பதைச் சென்னையார் மறக்கவில்லை. மணலியில் தீங்கு செய்தது புயலன்று. புயலுக்கு முன்பே வடிகாலில் தேங்கியிருந்த எண்ணெய். ஒரகடத்திலும் பெருமழை வரும். அதற்குமுன் வடிகால்களில் என்ன தேங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுவதே அறிவுடைமை.

எனவே சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களின் கிராம சபைகள் கேட்க வேண்டியவை சில உள. ஒவ்வோர் ஆலையின் மழைநீரும் எந்த ஏரிக்குச் செல்கிறது? கழிவு எண்ணெயை யாரிடம் ஒப்படைக்கின்றனர்? பருவமழைக்கு முன் வடிகால்களை வாரியத்தார் பார்வையிட்டனரா? இவற்றுக்கு 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் விடை கேட்கலாம். தீங்கு நேர்ந்துவிட்டால், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தில் பாதிக்கப்பட்டவர் எவரும் முறையிடலாம். இழப்பீடு கேட்க ஐந்தாண்டுக் காலம் உண்டு; தகராறு தீர்க்கும் பிற மனுக்களுக்கு ஆறு மாதமே. இவ்வேறுபாட்டை அறியாமல் நாளைக் கடத்தியோர் பலர். 2023 டிசம்பரில் எண்ணூரில் இழந்தவர்களுக்குரிய ஐந்தாண்டு 2028 டிசம்பரில் நிறைவடையும் என்பதையும் இங்குக் குறித்து வைப்போம்.

நம் குடும்பங்களிலிருந்து இன்று பொறியாளராகவும் வழக்கறிஞராகவும் அரசு அலுவலராகவும் இளைஞர் பலர் உருவாகின்றனர். அவர்களுள் சிலர் ஒரகடத்து ஆலைகளிலேயே பணிபுரிவர். வடிகாலில் எண்ணெய் தேங்கியிருப்பதை முதலில் காணப்போகிறவர் வாரியத்து அலுவலர் அல்லர். உள்ளே பணிபுரியும் அந்த இளைஞரே. அவர் அதனைக் கண்டும் காணாமல் கையெழுத்திடுவாரா, அல்லது எழுதிவைத்து மேலிடத்துக்கு அறிவிப்பாரா என்பதைப் பொறுத்தே கீழூர் ஏரியின் நீர் அமையும். பாலாற்றில் நாம் கொடுத்துக் கற்ற பாடம் அதுவே. அப்பாடத்தை எண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் எடுத்துச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு, கடமையும் உண்டு.